முழங்கை

பலப்பம் சிலேட்டைத் தொட்டபடி நின்றது.

நகரவில்லை.

"எழுதும்மா ஷிபானா. அத்தா பார்க்கிறாங்கள்ல?"

எல்.கே.ஜி. வகுப்பின் குட்டி மேசை. பக்கத்தில் குனிந்து நின்ற தாய், சிலேட்டுக்கு மேலே செல்போனைப் பிடித்திருந்தாள். வீடியோ கால். திரை நிறைய குவைத்திலிருந்து ஒரு முகம், தலையில் மஞ்சள் ஹெல்மெட். வேலைக்கு நடுவே ஓடி வந்திருக்கிறான். மகள் 'அ' எழுதுவதை நேரலையில் பார்க்க வேண்டுமாம்.

திரை மூலையின் சின்னக் கட்டத்தில் சிலேட்டும், பிஞ்சு விரல்களும்.

டீச்சர் குழந்தையின் பின்னால் நின்றிருந்தாள். அவளுக்குக் காது சுட்டது.

போன வாரம் பள்ளி கரெஸ்பாண்டென்ட் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாப் பிள்ளைகளும் 'அ' எழுதும் வீடியோ பெற்றோர் குரூப்பில் வந்தாக வேண்டும்.

வந்தது.

வீடியோவில் பிஞ்சு விரல்கள் மட்டும். அதற்கு வெளியே, யார் கண்ணிலும் படாமல், முழங்கையைப் பிடித்து ஓட்டிய கை அவளுடையது. சுழி, வயிறு, கோடு. ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்படித்தான்.

ஷிபானாவின் 'அ'தான் எல்லாவற்றிலும் அழகு. குவைத்தில் ஒருவன் அதை ஸ்டேட்டஸாக வைத்தான்.

இப்போது குழந்தை திரும்பிப் பார்க்கவில்லை. முழங்கையை மட்டும் மெல்லப் பின்னால் நீட்டியது.

காத்திருந்தது.

"டீச்சர்னா அப்படி ஒரு ஒட்டுதல்," தாய் சிரித்தாள். "இடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கா பாருங்க."

"என்ன, மறந்துட்டாளா?" திரையிலிருந்து குரல்.

சிக்னல் போய்விடாதா என்று டீச்சர் வேண்டிக்கொண்டாள்.

போகவில்லை.

"கூச்சம்ங்க. ஆள் இருந்தா எழுத மாட்டா," என்றாள். பொய் சரளமாக வந்தது. அதுதான் அவளையே திடுக்கிட வைத்தது.

"கூச்சமா? இவளுக்கா?" தாயின் குரல் மாறியது. "வீட்டுலயும் இதே வீம்புதான். சிலேட்டைத் தொட மாட்டேங்கிறா. எழுதுடி, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே மானத்தை வாங்குற."

மேசைக்குக் கீழே தாயின் கை தொடையைத் தேடிப் போனது.

கிள்ளல்.

ஷிபானா அழவில்லை. உதடு மட்டும் துடித்தது. நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையில் புகார் இல்லை. இவ்வளவு நேரமாகியும் டீச்சர் ஏன் பிடிக்கவில்லை என்ற குழப்பம்தான்.

முழங்கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

டீச்சர் மண்டி போட்டாள்.

பழக்கத்தில் கை முழங்கைக்குத்தான் போனது. பிடித்தது. ஒரு கணம் அங்கேயே இருந்தது.

பிறகு நகர்ந்தது. மணிக்கட்டைத் தாண்டி, பலப்பத்தைப் பிடித்திருந்த விரல்களின் மேல் வந்து மூடியது.

"சுழி..." என்றாள்.

ஷிபானா உற்சாகமாக எழுத ஆரம்பித்தாள்.

திரை மூலையின் சின்னக் கட்டத்துக்குள், வளையல் போட்ட ஒரு பெரிய கை.

மஞ்சள் ஹெல்மெட் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. பிறகு, மெல்ல, சிரிப்பை நிறுத்தியது.