காசிம் பாயின் லாரி ஏன் ஒழுகியது?

“மூணு மெக்கானிக் பாத்தாச்சு. மூணு பேரும் கேஸ்கெட்டை மாத்தினதுதான் மிச்சம். நின்ன இடமெல்லாம் எண்ணெய்! நீரு மட்டும் என்னவே கிழிச்சிரப் போறீரு?”

காசிம் பாய் போட்ட சத்தத்தில், தாராவி மெயின் ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மெக்கானிக் நம்பிராஜன் அசரவில்லை. “சாயங்காலம் வாங்க பாய். எங்கே ஒழுகுதுன்னு எஞ்சினே சொல்லும்.”

“எஞ்சினையே கேளும். டிரைவரைக் கேக்காதேயும். பூதத்தானுக்கு ஸ்டியரிங்கைத் தவிர ஒரு எழவும் தெரியாது!”

பாய் போய்விட்டார். பூதத்தான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

அது யுத்த காலத்து லாரி. எண்ணெய் கசிவது ஓர் இடம். வழிந்து வந்து சொட்டுவது வேறு இடம். அதனால் நம்பிராஜன் எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்தார். பிறகு அதன்மேல் முகப்பவுடரைத் தூவினார்.

“கல்யாணப் பொண்ணு மாதிரில்லா இருக்கு!” என்றான் பூதத்தான்.

“பேசாம ஸ்டார்ட் பண்ணுடே.”

எஞ்சின் உறுமியது. சற்று நேரத்தில் பவுடர் கறுக்கத் தொடங்கியது. ஓர் இடத்தில் அல்ல, எல்லா மூட்டுகளிலும்!

நம்பிராஜன் சிரித்தார். மூட்டுகளை அடைக்கும் கேஸ்கெட்டில் குற்றமில்லை. உள்ளே சேரும் புகைக்கு வெளியேற வழியில்லை. அது முட்டி முட்டி, கிடைத்த சந்திலெல்லாம் எண்ணெயைத் தள்ளுகிறது.

எஞ்சினை நிறுத்தச் சொல்லி, புகை போகும் மூச்சுக் குழாய்க்குள் விரலை விட்டார். இறுகச் சுருட்டிய துணி ஒன்று வந்தது.

பூதத்தானின் முகம் வெளுத்தது.

“நீயா வச்சே?”

“ஆமா அண்ணாச்சி.”

“கூறு கெட்ட பயலே! எதுக்குலே?”

“லேபர் கேம்ப்புலேருந்து ரெண்டு பொம்பளைங்க டிராம்பேக்குச் சித்தாள் வேலைக்குப் போறாங்க. கைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அம்புட்டுத் தூரமும் நடை. பின்னால பூராவும் டிரம்மு. அதான் கேபின்ல ஏத்திக்கிட்டுப் போறேன். இந்தக் குழாய்ப் புகை உள்ளே வந்து பிள்ளைங்க ரெண்டும் இருமுது...”

கேபின் கதவில் காசிம் பாய் சிவப்புப் பெயின்ட்டில் எழுதி வைத்திருந்தார்: ‘வெளியாட்களை ஏற்றினால் வேலை போய்விடும்.’

“அட, ஒரு முழம் குழாயை ஒட்டவச்சு அடியில இறக்கிட்டா, புகை ரோட்டோட போயிருமேடே!”

“புதுக் குழாய் எதுக்குன்னு முதலாளி கேப்பாரே! குடைஞ்சு குடைஞ்சு கேட்டா நான் உளறிருவேன். வேண்டாம் அண்ணாச்சி. அவங்களை இனிமே ஏத்தலே. நடந்தே போகட்டும்.”

சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

சாயங்காலம் பாய் வந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நின்ற லாரியின் அடியில் குனிந்து பார்த்தார். தரை காய்ந்து கிடந்தது.

“பரவாயில்லையே! என்னவே கோளாறு?”

எஞ்சின் விஷயத்தில் நம்பிராஜன் அதுவரை பொய் சொன்னதில்லை. பூதத்தானை ஒரு முறை பார்த்தார்.

“மூச்சுக் குழாய் அடைச்சிருந்தது பாய். வெறும் அழுக்கு.”

“அழுக்கா?” பாய் மூக்கை உறிஞ்சினார். “ஏலே பூதத்தான், இங்கே என்ன பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கே? போயி மூணு டீ சொல்லு!”

அவன் தலை மறைந்ததும் பாய் குரலைத் தாழ்த்தினார்.

“அந்தக் குழாயை நீட்டி, புகை கேபினுக்குள்ளே வராம அடியில இறக்கிரும். நீராப் போட்டதாச் சொல்லும். நான் சொன்னேன்னு தெரிஞ்சா, அந்தப் பயந்தாங்கொள்ளி கைப்பிள்ளைக்காரிகளை ஏத்தாம விட்டுருவான்.”