கபீர் பாய் கையில் ஓடிய வாட்ச்

சிவராஜுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ரிப்பேருக்குக் கொடுத்த அப்பாவின் வாட்ச், கடைக்காரர் கபீர் பாயின் மணிக்கட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"அடுத்தவன் வாட்ச்சக் கட்டிக்கிட்டு பபேடான் கடைத்தெரு முழுக்க ஊர்வலம் போறீங்களா பாய்?" நடைபாதையில் ஜெனரேட்டர் அலறியது. அவனும் சேர்ந்து அலறினான்.

"கட்டித்தான் தம்பி ஓட்டிப் பாக்கணும்." பாய் நிதானமாகக் கழற்றி நீட்டினார். "ஒரு நிமிஷம்கூட ஸ்லோ ஆகல. ஜெர்மன்காரன் வேலைன்னா சும்மாவா?"

அது கிளாஷூட்டேயில் செய்தது. அப்பன், மகன், பேரன் என்று கடிகாரமே பிழைப்பாக இருக்கும் சின்ன மலையூர். ஹார்பரில் கிரேன் ஓட்டிய அப்பா குழந்தைவேலுவுக்கு, ஒரு ஜெர்மன் கப்பல் இன்ஜினீயர் தன் கையிலிருந்தே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனது.

"இங்க ஓடுது, வீட்டுக்குப் போனா நிக்குது! மூணாந்தடவையா வந்து நிக்கறேன். உள்ள இருந்த மெஷின உருவிட்டு வேற எதையாவது போட்டுட்டீங்களா?"

பாயின் முகம் சுண்டிப்போனது. "அல்லா மேல ஆணையா இல்ல தம்பி. சாவி கொடுக்கற சக்கரம் தேஞ்சு போச்சு, அது இங்க கிடைக்காது. ஆனா இது ஆட்டோமேட்டிக், கையில கட்டினாலே போதும்னு அன்னைக்கே சொன்னேனே. அப்பா கட்டறாரா, இல்ல பெட்டியில பூட்டி வைக்கறாரா?"

"ராப்பகலா அவர் கையிலதான் கிடக்கு! நின்னுபோனா சோறு தண்ணி தொட மாட்டேங்கறாரு. பக்கவாதம் வந்து படுத்ததுலேருந்து மனுஷன் ஆசைப்பட்டுக் கேக்கறது இது ஒண்ணுதான் பாய்."

பாய் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார். "எந்தக் கையில கட்டறீங்க?"

"இடது கையில. விழுந்துபோன கை."

"அட, இத முதல்லயே சொல்லக் கூடாதா? கை ஆடினாத்தான் உள்ள இருக்கற தட்டு சுத்தும், ஸ்பிரிங் முறுக்கும். அசையாத கையில எப்பிடி ஓடும்? நல்ல கைக்கு மாத்துங்க."

மாற்றிப் பார்த்தான். குழந்தைவேலு பல்லாலேயே வாரைக் கடித்து இழுத்துக் கழற்றிவிட்டு, விழுந்த கையைத்தான் கண்ணால் காட்டினார். என்ன பிடிவாதமோ!

வேறு வழி? பகலெல்லாம் சிவராஜ் அதைக் கட்டிக்கொண்டு அலைந்தான், தூங்கப் போகும்போது அப்பாவுக்குக் கட்டிவிட்டான். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை வீசு வீசென்று வீசினான். பக்கத்தில் நின்றவர்கள் நகர்ந்து நின்றார்கள். எல்லாம் என் தலையெழுத்து என்று நொந்துகொண்டான்.

ஒருநாள் வாட்ச்சை அப்பா கையிலேயே மறந்துவிட்டு, தன் கடைச் சரக்கோடு வெளியூரான மோல்மேனுக்குப் போனான். திரும்ப பஸ் கிடைக்காமல் ஒரு வாரம் அங்கேயே மாட்டிக்கொண்டான். "நின்னிருக்கும். பட்டினி கிடந்து உயிர விட்டுடப் போறாரு" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான்.

வீட்டில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் துடைத்துச் சாப்பிட்ட தட்டு. போர்வையை விலக்கி அவர் இடது மணிக்கட்டில் காதை வைத்தான். டிக் டிக் டிக். நேரமும் சரியாக இருந்தது.

"லதா, வாட்ச்ச நீ கட்டியிருந்தியா?"

"நானா? மாமா கழட்டவே விடலீங்க. நான் அதத் தொடக்கூட இல்ல," என்றாள் மனைவி புஷ்பலதா.

சிவராஜுக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. அசையாத கையில் ஓடாது என்று பாய் அடித்துச் சொன்னாரே, அப்போது சொன்னதெல்லாம் புளுகா? வீணாக ஊரெல்லாம் கையை வீச வைத்துவிட்டாரே! உடனே போனைப் போட்டுப் பிடிபிடியென்று பிடித்தான்.

"ஒரு வாரமா யாரும் கட்டல பாய். அப்பா கையிலயேதான் கிடக்கு. ஆனா ஓடுது! வாட்ச்சுல என்னதான் பண்ணி வச்சீங்க?"

மறுமுனையில் பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"வாட்ச்ச விடுங்க தம்பி. அப்பா கையப் பாருங்க."