உப்பங்குடித் தொகுதியின் கள்ள ஓட்டு

உப்பங்குடித் தொகுதியில் யார் எந்தச் சின்னத்தில் குத்துவார்கள் என்பது ஓட்டு இயந்திரத்துக்கு அத்துப்படி. ஒன்பது தேர்தலாக ஒரே கட்சிதான் அங்கே ஜெயித்து வந்தது. அதனால் காலை ஏழு மணிக்கே எல்லார் ஓட்டையும் இயந்திரமே போட்டுவிடும். ஜனங்கள் வந்து விரலில் மை வைத்துக்கொண்டு போனால் போதும்.

மை வைக்கிற வேலை எஸ்தர் டீச்சருக்கு. உப்பளத்திலிருந்து வந்த மாடக்கண்ணு விரலை நீட்டவில்லை.

"இந்தத் தடவை மாத்திப் போடணும்னு வந்தேன் டீச்சர். தெருவுக்கு ஒரு தண்ணிக் குழாய்கூட வரலை."

"உங்க ஓட்டு பழையபடியே விழுந்திருச்சே, அண்ணாச்சி."

"நான் போடாம யார் போட்டது?"

டீச்சருக்குச் சுருக்கென்றது. பழைய விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒருவர் ஓட்டை வேறு யாராவது போட்டுவிட்டால் அவருக்குக் காகித வாக்குச்சீட்டு தர வேண்டும் என்ற விதியை எவரும் நீக்கியிருக்கவில்லை. பதிவேட்டில் எழுதினார்: 'மாடக்கண்ணு. இவர் பெயரில் கள்ள ஓட்டுப் போட்டது: இயந்திரம்.' கையெழுத்துப் போட்டு, சீட்டை நீட்டினார்.

சாவடி அதிகாரி ஓடிவந்தார். "வேலை போயிடும்மா."

"போகட்டும் சார். அடுத்த ஆள் வாங்க."

வாசலைத் தாண்டிப் போனவர்கள், மை காயாத விரலோடு, திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள்.