ஒரு பனியனுக்குப் பன்னிரண்டு நொடி

மாலை ஐந்தரை மணி. பனியன் கம்பெனியில், தைத்து வந்ததைச் சோதிக்கும் செக்கிங் டேபிளின் குழல்விளக்கடியில் ஜெயபாரதி அசையாமல் நிற்கிறாள். காலையிலிருந்து கடிகாரத்தைப் பார்க்காமலே, பனியனுக்குப் பன்னிரண்டு நொடி என்று அவள் கைகள் தாமாகவே புரட்டின: கழுத்து, தோள், அடிமடிப்பு, குறை இல்லையென்றால் நல்ல அடுக்கு. அந்த அடுக்கில் போட்ட ஒன்றில் ஊசி ஓட்டை இருந்ததாக இப்போதுதான் மனதில் தட்டுகிறது. இரண்டு பனியனுக்கு முன்பா, இருபதுக்கு முன்பா? அலுத்த தலைக்குள் எல்லா நொடிகளும் ஒரே வெள்ளையாகக் கிடக்கின்றன. வெளியே கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது. அதை விட்டால் வீடிருக்கும் அவிநாசிபாளையத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். கால் மதியமே வீங்கிவிட்டது.

“ஏனுங்க்கா, நின்னுட்டே தூங்கறீங்களா? வண்டி கெளம்புது, வாங்க,” என்கிறாள் பக்கத்து டேபிள் பிரியங்கா, சோற்றுப்பையைத் தோளில் மாட்டியபடி.

“ஒரு ஓட்டைய விட்டுட்டேன் கண்ணு.”

“ஒண்ணுதானுங்க்கா. ஆரு பாக்கப்போறா?”

யாரும் பார்க்கமாட்டார்கள்தான். போய்விடலாம் என்று ஜெயபாரதி முடிவெடுக்கிறாள். “இரு, வர்றேன்” என்று வாயைத் திறக்கிறாள். குனிந்தால், அடுக்கைக் கட்டியிருந்த வெட்டுத்துணியை விரல்கள் எப்போதோ அவிழ்த்துவிட்டிருக்கின்றன. முதல் பனியன் விளக்குக்கு நேராக விரிந்துகிடக்கிறது.

“நீ போ கண்ணு,” என்கிறாள்.