விரிப்பு மாற்றும் தேர்வு

உதறிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

விரிப்பு காற்றில் எழுந்து, அகன்று, நான்கு மூலையும் சரியாக அமரும்படி கட்டிலில் விழுந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

தேர்வுக்கு வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பிளந்தார்கள்.

ஆனால் கட்டிலில் ஆள் இருந்தார். விரிப்பு அவரைத் தலையோடு சேர்த்து மூடிவிட்டது.

"ஏலே! நான் இன்னும் சாகலலே!"

துணிக்கு அடியிலிருந்து வந்த பேச்சிமுத்துவின் குரல் அடுத்த வார்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

அவன் பதறிப்போய் முகத்திலிருந்து துணியை விலக்கினான். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன மனிதர், விழாத கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். கோபமா பயமா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

மதிப்பெண் போட நின்றிருந்த ஜெபராணி சிஸ்டர் பேனாவை மூடினார்.

"அண்ணாச்சி, இங்க துணிய ஒதறக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? தூசியும் கிருமியும் நோயாளி மேலல்லா விழும்?"

சொல்லியிருக்கிறார். அவனும் தலையாட்டியிருக்கிறான். தலை கேட்டுக்கொண்டது. கை கேட்கவில்லை.

கையையும் குற்றம் சொல்ல முடியாது. திருநெல்வேலி ஜவுளிக்கடை ஒன்றில் பாதி ஆயுள் பாயில் உட்கார்ந்து, ஒரே வீச்சில் முந்தி வாடிக்கையாளர் மடியில் போய் விழும்படி பட்டுச்சேலை விரித்துக் காட்டிய கை.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கல்லூரிக்குள் அவன் போனதே பேராசிரியைகளுக்குச் சேலை காட்டத்தான்.

அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது துணைக்கு இருக்கப் போனான். பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் துணையாகிப்போனான். அதன்பிறகு பட்டில் மனசு ஒட்டவில்லை. நரைத்த மீசையோடு, மகள் வயதுப் பெண்களுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, நோயாளிகளைப் பராமரிக்கும் வேலை படிக்க வந்துவிட்டான்.

இன்று தேறினால் இதே ஆஸ்பத்திரியில் வேலை.

தேறாவிட்டால்?

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது.

ஜவுளிக்கடை முதலாளிதான். ஆடித் தள்ளுபடி ஆரம்பிச்சாச்சு, வாரியா இல்ல வேற ஆளப் போடட்டுமா, மத்தியானத்துக்குள்ள சொல்லு என்று காலையிலேயே கேட்டிருந்தார். நல்ல மனிதர். அவன் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்.

"மத்தவங்க முடிக்கட்டும். கடைசியா இன்னொரு தடவ செய்ங்க," என்றார் சிஸ்டர். "அவர் சம்மதிச்சாத்தான்."

கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது.

எடுத்துப் பார்த்தான்.

அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

பிறகு போய் வரிசையின் கடைசியில் நின்றான். அந்த இடத்தில் அவனைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருக்கிறது எனக்கு. நன்றாகத் தெரிந்த வேலை கூப்பிடுகிறது. இப்போதுதான் தோற்ற வேலைக்காகக் காத்து நிற்கிறான் மனுஷன்.

பெண்கள் ஒவ்வொருவராக மற்ற கட்டில்களில் செய்து முடித்தார்கள். சிலர் நன்றாகவே செய்தார்கள். அவன் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் முறை வந்தது.

"இவன் வேண்டாம் தாயி," என்றார் பேச்சிமுத்து. "இவன் என்னய மூடிப்புடுவான்."

யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. குனிந்து அவர் முகத்துக்கு நேராக வந்தான்.

"தப்பு என் மேலதான்யா. இந்தத் தடவ துணி ஒங்க கழுத்துக்கு மேல வராது."

பேச்சிமுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"மூடிப் பாரு, அப்ப இருக்கு ஒனக்கு."

அதுதான் சம்மதம்.

அவரை மெதுவாக ஒருக்களித்துப் படுக்க வைத்தான். பழைய விரிப்பை முதுகுவரை சுருட்டினான். முதுகில் சுருக்கங்கள் அழுத்திய தடம் சிவந்து கிடந்தது. ராத்திரி முழுக்க அவர் தூங்காமல் புலம்பியதாக வார்டில் சொன்னார்களே, இதனால்தானோ என்னவோ.

புதிய விரிப்பை எடுத்தான்.

கை மேலே எழப் பார்த்தது.

விடவில்லை. மடித்த விரிப்பை அப்படியே மெத்தைமேல் வைத்தான். ஒரு மடிப்பைப் பிரித்தான். உள்ளங்கையால் நீவினான். அடுத்த மடிப்பு. மறுபடி நீவினான். ஜவுளிக்கடையில் இப்படி விரித்திருந்தால் வாடிக்கையாளர் எழுந்து அடுத்த கடைக்குப் போயிருப்பார்.

நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்தது. முழங்கையால் துடைத்துக்கொண்டான். பெண்கள் கால் மாற்றி நின்றார்கள்.

பழகிய கையை அடக்குவது லேசுப்பட்ட காரியமா? அதுவும் இத்தனை பேர் பார்க்க.

"அந்தப் பக்கம் திரும்பணும்யா. நான் பிடிச்சிருக்கேன்."

பேச்சிமுத்து திட்டிக்கொண்டே திரும்பினார். கம்பியைப் பிடித்திருந்தார். அவன் கட்டிலைச் சுற்றி வந்து, பழையதை உருவி, புதியதை இழுத்துச் செருகினான். அவர் இன்னும் எதையோ திட்டிக்கொண்டிருந்தார். திட்டு முணுமுணுப்பானது. பிறகு அதுவும் தேய்ந்தது.

கம்பியைப் பிடித்திருந்த கை தளர்ந்து மெத்தையில் விழுந்தது.

ஒரு பெண் பயந்து சிஸ்டரைப் பார்த்தாள்.

சிஸ்டர் கிட்டே வந்து குனிந்தார். பேச்சிமுத்துவின் நெஞ்சு ஏறி இறங்கியது. லேசான குறட்டை.

அவன் மதிப்பெண்ணுக்காக சிஸ்டரின் முகத்தைப் பார்த்தான்.

சிஸ்டர் உதட்டில் விரல் வைத்தார். மற்றவர்களை வெளியே போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். செருப்புச் சத்தம் கேட்காமல் ஒவ்வொருவராக நழுவினார்கள். அவனும் அவர்கள் பின்னால் திரும்பினான்.

சிஸ்டர் அவன் தோளைத் தொட்டு நிறுத்தினார். சுவரோரம் கிடந்த இரும்பு நாற்காலியைக் காட்டி, துணைக்கு உட்காரும்படி சைகை செய்தார்.

அவன் அதை இழுக்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தான்.