கொரியப் படமும் மட்டன் ரோல்ஸும்

பன்னிரண்டு வருடமாக ஊர்ச்சங்கத் தலைவர் பதவியை விடாமல் பிடித்திருக்கும் மணியத்தை இந்தத் தேர்தலில் எப்படியும் இறக்கிவிடுவது என்ற முடிவோடுதான், எதிர்த்துப் போட்டியிடும் ரதீசன் தேர்தல் நடக்கவிருந்த மோர்டன் மண்டபத்துக்கு வந்திருந்தான்.

முதலில் ஒரு கொரியப் படம், பிறகுதான் தேர்தல் என்றார் மணியம்.

"ஊழலைப் பற்றின படம், தம்பி. எங்கட சனம் கட்டாயம் பாக்கவேணும்."

திரையில் ரவுடிக் கூட்டத்தின் தலைவன், பதவிக்காகக் கூட்டாளிகளை ஒவ்வொருவராக வெட்டிச் சாய்த்தான். பொலிஸும் நீதிபதியும் அவன் வீட்டு விருந்தில் கைநனைத்துவிட்டுப் பேசாமல் போனார்கள். வாசலில் வாங்கிய மட்டன் ரோல்ஸைக் கடித்துக்கொண்டிருந்த ரதீசன் கொதித்துப்போனான்.

"என்ன சனமப்பா இது! சாப்பாட்டைப் போட்டதும் வாயை மூடிக்கொண்டு போகுதுகள்," என்றான் மனைவி சிவரூபினியிடம்.

"கத்தாதேங்கோ. படத்தைப் பாக்க விடுங்கோ."

படம் முடிந்து விளக்குகள் எரிந்ததும் ரதீசன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அண்ணை, இனித் தேர்தலை நடத்துவமே?"

"அது அப்பவே முடிஞ்சுது, தம்பி."

"எப்ப?"

மணியம் ஒரு தாளை நீட்டினார். "வாசலில ரோல்ஸ் தரேக்க எல்லாரும் இதில கையெழுத்து வச்சனீங்கள்தானே? மேல எழுதியிருக்கிறதை வாசிச்சுப் பாரும்."

'மணியமே தொடர்ந்து தலைவராக இருக்கச் சம்மதிக்கிறோம்.'

அதற்குக் கீழே முதல் கையெழுத்து ரதீசனுடையது.

இரண்டாவதும் அவனுடையதுதான். நல்ல ருசி என்று இன்னொரு ரோல்ஸ் கேட்டு வாங்கியிருந்தான்.