மாதம் ஒரு முட்டி வலி

"மாசாமாசம் முட்டிக்கு ஆஸ்பத்திரியா? பிரிச்சுத் தைக்கிற சமாச்சாரமா இருந்தா நானே தைச்சிருப்பேன்," என்றார் தையல்காரர், மிஷினை விட்டு எழாமல்.

"பஸ் படி ஏற முடியலைங்க. வண்டியில கொண்டு விடுங்க," என்றாள் மனைவி.

"இந்த மாசம் விட்டுடேன். யூனிபார்ம் மலையாக் குவிஞ்சு கிடக்கு."

"சரி, நொண்டி நொண்டியே போறேன். பார்க்கிறவங்க உங்களைத்தான் கேப்பாங்க."

முணுமுணுத்துக்கொண்டே சட்டையை மாட்டினார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இந்த மாதம் தவறினால் இதுவரை விழுங்கிய மாத்திரையெல்லாம் வீண்.

முட்டி வலி என்பது ஊருக்குச் சொல்கிற சாக்கு. விஷயம் தொழுநோய். ஆரம்பம்தான், மாத்திரையிலேயே சரியாகிவிடும். ஆனால் காதும் காதும் வைத்தாற்போல முடிய வேண்டும். வெளியே தெரிந்தால் தைக்கத் துணி கொடுக்க ஒருத்தர் வரமாட்டார்.

முன்பு அதற்கென்று ஊர்க்கோடியில் தனிக் கட்டடம், கொட்டை எழுத்தில் பலகை. வாசலை மிதித்தாலே பேச்சு கிளம்பிவிடும். இப்போது அந்த மருந்தும் பொது ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கிறது. காய்ச்சல்காரர், இருமல்காரர், பிள்ளைத்தாய்ச்சி எல்லாருக்கும் ஒரே வரிசை, ஒரே சீட்டு.

வரிசையில் எதிர்வீட்டுக்காரி நின்றிருந்தாள். "என்னக்கா, உடம்புக்கு?"

"முட்டிதான்."

"எனக்கும் அதே கண்றாவிதான்," என்று அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். அவ்வளவோடு பேச்சு முடிந்தது.

முறை நெருங்கியதும், "நீ டாக்டரைப் பாரு. நான் அப்படியே பிரஷர் பார்த்துட்டு வரேன்," என்று தையல்காரர் பக்கத்து அறைப் பக்கம் நழுவினார். அவர் தலை மறைந்த பிறகுதான் அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"முட்டி எப்படிம்மா இருக்கு?" டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"அதுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கு. அவரு மாத்திரை வாங்கிட்டாரா, கொஞ்சம் எட்டிப் பாருங்க."

டாக்டரம்மா நடுக்கதவை லேசாகத் திறந்து பார்த்தார். "நர்ஸ் முன்னாலயே முழுங்கிட்டாரு. உங்களுக்குத் தெரியும்னு அவர்கிட்ட இன்னும் சொல்லலையா?"

"சொன்னா மனுஷன் கூசிப் போயிடுவாரு. இன்னும் எத்தனை மாசம்?"

"ரெண்டே மாசம்."

"அப்ப எனக்கும் ரெண்டு மாசம் வலிக்கட்டும்," என்று கதவைத் திறந்தவள், நொண்டிக்கொண்டே வெளியே வந்தாள்.